கரையில் நின்று விழித்திருப்போம்

(தபசுகால முதல் வாரப் பிரசங்கம்)



தபசுகாலத்தின் முதல் வாரத்தில், புதன்கிழமை திவ்விய பூசையில், யோனாஸ் தீர்க்கதரிசியைப் பற்றிய சுவிசேஷம் வாசிக்கப்படுகிறது. ஜனங்கள் திரண்டு வந்து நமதாண்டவரைச் சூழ்ந்து நிற்கிறார்கள். இந்தத் தலைமுறை அடையாளம் கேட்கிறது, யோனாஸின் அடையாளத்தைத் தவிர வேறொன்றும் அதற்குக் கொடுக்கப்படாது என்று அவர் சொல்லுகிறார். யோனாஸ் மூன்று பகலும் மூன்று இரவும் பெரிய மீனின் வயிற்றில் இருந்ததுபோல, மனுமகனும் பூமியின் உள்ளே இருப்பார் என்று அர்ச். மத்தேயு இதை இன்னும் விளக்கமாய் எழுதிவைத்திருக்கிறார்.

இதில் வியப்பு என்னவென்று பாருங்கள். அடையாளம் கேட்டவர்களுக்குக் கண் இல்லாமற் போகவில்லை. குருடர் பார்வை பெற்றதையும் முடவர் நடந்ததையும் அவர்கள் கண்டார்கள். அடையாளமானவரே அவர்கள் முன்னால் நின்றார். அப்படியிருந்தும் அவரைக் காணவில்லை. கண் இருந்தது, விழிப்பு இல்லை. பார்வை இருந்தது, பொறுமை இல்லை.

கடலோரத்தில் பிறந்த நமக்கு இதை விளங்கிக்கொள்ள நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. உங்களில் அநேகர் மணப்பாட்டுக்குப் போயிருப்பீர்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின்மேல், 1581-ம் ஆண்டில் எழுந்த திருச்சிலுவைக் கோவில் நிற்கிறது. புயலில் அகப்பட்டுத் தப்பிய போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவன், ஒடிந்த பாய்மரத்தைக் கொண்டு சிலுவை செய்து இங்கே நாட்டினான் என்பது பரம்பரையாய் வரும் செய்தி. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார் தங்கி ஜெபித்த குகையும் அங்கேதான் இருக்கிறது. கோவிலில் மண்டியிட்டு எழுந்தபிறகு வெளியே வந்து நின்றால், கீழே வில்லைப்போல் வளைந்த கரையும், அதற்கப்பால் மன்னார் வளைகுடாவும் தெரியும். அந்த நீரில் ஓங்கில்கள் வருகின்றன. எப்போதாவது திமிங்கிலமும் வருகிறது. சிலர் அவற்றைக் கண்டு திரும்புகிறார்கள். பலர் ஒன்றும் காணாமல் திரும்புகிறார்கள். இரண்டு பேரும் பார்த்தது ஒரே கடலைத்தான்.

இந்த வித்தியாசத்தைக் கொண்டு மூன்று காரியங்களை இன்று தியானிப்போம். முதலாவது, விழித்திருத்தல். இரண்டாவது, மேலே வந்து மூச்சு வாங்குதல். மூன்றாவது, கரை ஒதுங்கினவர்களைக் கைவிடாதிருத்தல்.

முதலாவது: விழித்திருத்தல்

கரையிலிருந்து ஓங்கிலையும் திமிங்கிலத்தையும் காண விரும்புகிறவனுக்குச் சில ஒழுங்குகள் உண்டு. கடல் அமர்ந்திருக்கும் வேளையை அவன் தேர்ந்துகொள்ளவேண்டும். கடற்காற்று எழும்பி அலைகளின் தலையில் வெள்ளை நுரை கட்டிவிட்டால், நுரைக்கும் முதுகுக்கும் பேதம் தெரியாது. ஆகையால் காலை வேளை நல்லது. ஆனாலும் கிழக்கே பார்த்த நம் கரையில் சூரியன் உதித்தவுடன் கண் கூசும். அது சற்று மேலேறட்டும். காற்று எழும்புமுன் கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரத்தை விட்டவனுக்கு அன்றையக் காட்சி கிடைப்பது அரிது.

அடுத்தபடியாக, அவன் உயரமான இடத்தில் ஏறி நிற்கவேண்டும். மணலில் நிற்கிற மனிதனுக்குக் கடலும் வானமும் கூடும் கோடு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 20 மீட்டர் உயரத்தில் ஏறி நின்றால் அதே கோடு ஏறக்குறைய 16 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடும். கடல் பெரிதாகவில்லை. அவன் நின்ற இடம்தான் மாறிற்று.

அதன்பின் கண்ணை ஒரே இடத்தில் குத்திவைக்காமல், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெல்ல நகர்த்தி, திரும்பவும் தொடங்கின இடத்துக்கே கொண்டுவரவேண்டும். ஆலாப் பறவைகள் கூட்டமாய் ஓரிடத்தில் பாய்ந்து விழுந்தால், அங்கே சிறு மீன் கூட்டம் இருக்கிறதென்று அறியலாம். சிறு மீன் இருக்கும் இடத்தில் ஓங்கிலும் இருக்கக்கூடும். முதலில் ஒரு முதுகுத் துடுப்பு தெரியும், பிறகு வளைந்த முதுகு, உடனே வெறுந்தண்ணீர். ஒரு நொடிக் காட்சிதான்! ஆனால் கண்டவன் தன் இடத்தைவிட்டு அசையமாட்டான். மூச்சு வாங்க அது திரும்பவும் மேலே வந்தே தீரும் என்பது அவனுக்குத் தெரியும்.

கடலுக்கு அக்கரையில், இலங்கையின் திருகோணமலையில், ஆழ்கடல் கரைக்கு மிகவும் அருகே வந்து நிற்பதால், உலகத்து உயிர்களிலெல்லாம் பெரிதான நீலத் திமிங்கிலத்தைக்கூடக் கடலோரக் குன்றிலிருந்தே கண்டவர்கள் உண்டு. அத்தனை பெரிய உயிரும் கரையில் நிற்கிறவனுக்குத் தெரிவது எப்படி? தூரத்தில் ஒரு வெண்புகை. அவ்வளவே. அது தண்ணீரைப் பீச்சியடிப்பதல்ல, அதன் சுவாசமே. உள்ளிருந்து வரும் வெப்பமான ஈரக்காற்று வெளியே வந்து குளிர்ந்து, 9 மீட்டர் உயரம்வரைகூட மூடுபனிபோல் நிற்கிறது. 25 மீட்டர் நீளத்துக்கு மேல் வளரும் உயிர் தன்னைக் காட்டுவது சில நொடிகளில் கலையும் ஒரு மூச்சினால்தான்.

பிரியமானவர்களே, சர்வேசுரனும் நம்மிடம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறார். இடி முழக்கமாய் வருவார் என்று நாம் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஒரு நொடி அசைவாய் வந்து போகிறார். பூசையில் கேட்ட ஒரு வாக்கியம் நெஞ்சில் தைக்கிறது. நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கும்போது பழைய பகை ஒன்று மனதில் கரைகிறது. பிள்ளை கேட்ட ஒரு கேள்வி நம்மை வெட்கப்படுத்துகிறது. இவை அடையாளங்கள் அல்லவா? நாமோ அந்த நேரத்தில் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறோம். கையில் கைபேசி, மனதில் கடன் கணக்கு, வாயில் ஊர்ச் செய்தி. பிறகு, "ஆண்டவர் என்னிடம் பேசவே இல்லை" என்று குறைப்படுகிறோம். கடலில் ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பினவனும் இப்படித்தான் சொன்னான்.

ஜெத்செமனித் தோட்டத்தில் நமதாண்டவர் இராயப்பரையும் யாகப்பரையும் அருளப்பரையும் கேட்டுக்கொண்டது இரண்டு காரியங்கள்: விழித்திருக்கவேண்டும், ஜெபிக்கவேண்டும். மூவரும் தூங்கிப்போனார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல, களைத்தவர்கள். நாமும் கெட்டுப்போவதைவிட அதிகமாய்த் தூங்கிப்போகிறோம். தபசுகாலம் நம்மைத் தட்டி எழுப்பி, ஒரு குன்றின்மேல் ஏற்றி நிறுத்தும் காலம்.

இரண்டாவது: மேலே வந்து மூச்சு வாங்குதல்

திமிங்கிலமும் ஓங்கிலும் மீன் அல்ல என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிவார்கள். அவை குட்டி ஈன்று பால் கொடுப்பவை. அவற்றுக்குச் செவுள் இல்லை. நம்மைப்போல் நுரையீரல் உண்டு. மீனின் வால் நிமிர்ந்து நின்று பக்கவாட்டில் அசையும். இவற்றின் வாலோ படுக்கையாய் அமைந்து மேலும் கீழும் அடிக்கும். அந்த அடி அவற்றை மேலே கொண்டுவருகிறது. உண்பதும் உறங்குவதும் தண்ணீரில். உயிர் வாழ்வது மேலேயிருந்து வரும் காற்றினால். எண்ணெய்த் திமிங்கிலம் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம்வரைகூட ஆழத்தில் இருக்கவல்லது. இருந்தாலும், அத்தனை வலிமையுள்ள உயிரும் கடைசியில் மேலே வந்தாகவேண்டும், வராவிட்டால் சாகும்.

கிறிஸ்தவனின் நிலைமையும் இதுதான் அன்றோ? நாம் உலகத்தில் இருக்கிறோம். தொழில், குடும்பம், கடை, வலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இவையெல்லாம் நம்முடைய கடல். சர்வேசுரனே நம்மை இதில் வைத்தார். ஆனால் நம் ஆத்துமத்தின் மூச்சு இந்தத் தண்ணீரில் இல்லை. அது மேலேயிருந்து வருகிறது. ஜெபம்தான் அந்த மூச்சு. "எனக்கு வேலை அதிகம், ஜெபிக்க நேரமில்லை" என்கிறவன், ஆழத்தில் வேலை அதிகம் என்று சொல்லி மேலே வர மறுக்கும் திமிங்கிலத்துக்கு ஒப்பாவான். ஆழமாய் முழுகுகிறவனுக்கே மூச்சு அதிகம் வேண்டும்.

இன்னொரு காரியத்தைக் கேளுங்கள். நாம் தூங்கும்போதும் நம் மூச்சு தானாய் நடக்கிறது. ஓங்கிலுக்கு அப்படியல்ல. அது நினைத்து மேலே வந்து நினைத்து மூச்சு வாங்கவேண்டும். முழுவதும் தூங்கிப்போனால் அதற்கு ஆபத்து. ஆகையால் சிருஷ்டிகர் அதற்கு ஓர் அற்புதமான ஏற்பாடு செய்திருக்கிறார். அதன் மூளையில் ஒரு பாதி உறங்கும்போது மறு பாதி விழித்திருக்கிறது. ஒரு கண் மூடியிருக்க மறு கண் திறந்திருக்கிறது. பகுத்தறிவில்லாத ஓர் உயிர் இரவு முழுவதும் இப்படி விழித்திருந்து மூச்சு வாங்குகிறது. பகுத்தறிவும் ஞானஸ்நான வரமும் பெற்ற நாமோ, படுக்கைக்குப் போகுமுன் ஒரு திரிகாலச் செபம் சொல்லாமல் கண்ணை மூடுகிறோம்.

கடல் தொழில் செய்கிறவர்கள் ஒரு துக்கமான காட்சியைக் கண்டிருப்பார்கள். ஓங்கில் எப்போதாவது வலையில் அகப்பட்டுக்கொண்டால், அது காயத்தினால் சாகிறதில்லை. மேலே வரமுடியாமல், தான் பிறந்து வளர்ந்த தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் சாகிறது. நம் வீடுகளிலும் இப்படிப்பட்ட வலைகள் உண்டு. மாலை மணி அடித்தவுடன் விளக்கேற்றிக் குடும்பமாய் ஜெபமாலை சொன்ன வீடுகள் நம் பங்கில் எத்தனையோ. இன்று அதே வேளையில் தொலைக்காட்சி ஒருபுறம், கைபேசி ஒருபுறம். யாரும் பெரும் பாவம் எதுவும் செய்யவில்லை. ஒருவரையொருவர் அடிக்கவுமில்லை. ஆனால் வீடு மூச்சு முட்டுகிறது. சின்னச் சொல்லுக்கும் கோபம் வருகிறது. ஏன் என்று கேட்கிறோம். மேலே வந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டுக்கொண்டோமா?

ஓங்கில் கூட்டத்தில் ஒன்று நோயினால் தளர்ந்துவிட்டால், மற்றவை அதன் கீழே நீந்தி, அதைத் தாங்கி மேலே கொண்டுவந்து மூச்சு வாங்கச் செய்வதைக் கடலை ஆராய்ந்தவர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். பெற்றோரே, உங்கள் கடமை இதில் இருக்கிறது. ஜெபிக்கத் தெரியாத பிள்ளையை, ஜெபிக்க மனமில்லாத வாலிபனை, நோயினாலும் முதுமையினாலும் ஜெபிக்கச் சக்தியற்ற உங்கள் தாய் தகப்பனை, கீழிருந்து தாங்கி மேலே கொண்டுவருகிறவர்கள் நீங்களே.

மூன்றாவது: கரை ஒதுங்கினவர்களைக் கைவிடாதிருத்தல்

நான் முதலில் சொன்ன மணப்பாட்டுக்கே திரும்பிப் போவோம். 2016-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மணப்பாடு, ஆலந்தலை, கல்லாமொழிக் கரைகளில் நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். சிலர் கண்ணாரக் கண்டிருப்பீர்கள். 80-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கூட்டமாய்க் கரையேறி மணலில் கிடந்தன. குறுந்துடுப்பு வழிகாட்டித் திமிங்கிலம் என்று சொல்லப்படும் கருநிறமான இனம் அது. மீனவ மக்களும் வாலிபர்களும் அரசாங்க ஊழியரும் இறங்கி, கையினாலும் படகுகளினாலும் அவற்றை ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவை மடிந்தன. கரையிலேயே பெருங்குழிகள் வெட்டி அவற்றைப் புதைத்தார்கள். அதே மன்னார் வளைகுடாக் கரையில், 1973 ஜனவரியிலும் இதே இனத்தைச் சேர்ந்த 147 திமிங்கிலங்கள் ஒதுங்கி மாண்டன.

அந்த 2016-ம் வருஷத்துச் செய்தியில் என் மனதை உறுத்தினது ஒன்று. ஆழத்தில் கொண்டுபோய் விடப்பட்டவற்றில் சில திரும்பவும் கரைக்கே வந்தன. ஏன்? இந்த இனம் கூட்டத்தைவிட்டுப் பிரியாத இனம். தாயும் மகளும் பேரப்பிள்ளையுமாய் ஆயுள் முழுவதும் சேர்ந்து வாழ்வது. இவற்றில் பெண் திமிங்கிலம் குட்டி ஈனும் வயது கடந்தபின்னும் அநேக வருஷம் உயிரோடிருந்து, பாட்டியாய்க் கூட்டத்தோடு போகிறது. அவ்வளவு பாசம். ஆனால் ஒன்று வழி தவறினால் மற்றவையும் பின்தொடர்ந்து வழி தவறுகின்றன. ஒன்றைக் காப்பாற்றினாலும், தன்னுடையவர்கள் கரையில் கிடக்கும்போது அது ஆழத்தில் நிற்பது அரிது.

பிரியமானவர்களே, இதை நன்றாய் யோசித்துப் பாருங்கள். நம் பங்கில் ஒரு தகப்பன் தியானம் செய்து, பாவசங்கீர்த்தனம் செய்து, இனிமேல் குடிக்கமாட்டேன் என்று பீடத்துக்கு முன்பாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். உண்மையான மனதோடுதான் கொடுக்கிறார். ஒரு மாதத்துக்குள் திரும்பவும் அதே கடை வாசலில் நிற்கிறார். அவரை ஏளனம் செய்யாதீர்கள். அவருடைய சிநேகிதரெல்லாரும் கரையில் கிடக்கிறார்கள். அவரை மாத்திரம் தள்ளிவிட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று நாம் வீடு திரும்பிவிட்டோம். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் தண்ணீரில் இறங்க யார் முன்வந்தார்கள்?

அந்த ஜனவரியில் கடலில் இறங்கினவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. தள்ளிவிட்டது திரும்பி வந்தபோது, நன்றியில்லாத ஜென்மம் என்று திட்டிக்கொண்டு போகவில்லை. திரும்பவும் தோள் கொடுத்தார்கள். எழுபது முறை ஏழு தரம் மன்னிக்கவேண்டும் என்று இராயப்பருக்கு ஆண்டவர் சொன்னதன் பொருள் அந்த மணலில் விளங்கிற்று. 81-ல் 36 மறுபடி ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்தன என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லையே என்று அவர்கள் சும்மா இருந்திருந்தால், அந்த 36-ம் இல்லை.

இப்படிக் கரை ஒதுங்கின உயிருக்கு உதவி செய்வதிலும் ஒரு முறை உண்டு. ஈரத்துணி போர்த்தி, வெயில் படாமல் நிழல் செய்து, உடம்பின்மேல் தண்ணீர் ஊற்றவேண்டும். ஆனால் அதன் தலையின்மேல் இருக்கும் மூச்சுத் துளையில் துணியும் படக்கூடாது, தண்ணீரும் போகக்கூடாது. வாலைப் பிடித்து இழுக்கலாகாது. சுற்றிலும் கூச்சல் போடலாகாது. வனத்துறைக்கு உடனே செய்தி சொல்லவேண்டும். ஏனெனில் திமிங்கிலமும் ஓங்கிலும் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. நல்ல மனதோடு செய்கிற உதவியும் முறை தவறினால் உயிரைக் கொல்லும்.

வழி தவறின மகனைத் திருத்த விரும்பும் தாயே, தகப்பனே, இதை மனதில் வையுங்கள். ஊர் கூடி நிற்க அவனை அவமானப்படுத்துவது வாலைப் பிடித்து இழுப்பதற்குச் சமானம். நாள் முழுவதும் புத்திமதியை அவன் தலையில் ஊற்றிக்கொண்டிருப்பது மூச்சுத் துளையில் தண்ணீர் ஊற்றுவதாகும். அவன் மூச்சு வாங்க இடம் விடுங்கள். நிழலாய் நில்லுங்கள். அவனுக்காகச் செபமாலை உருட்டுங்கள். வேண்டிய வேளையில் குருவானவரிடமோ, வைத்தியரிடமோ அழைத்துப் போங்கள். அர்ச். மோனிக்கம்மாள் தன் மகன் அகுஸ்தீனுக்காக அநேக வருஷம் இப்படித்தான் கரையில் காத்து நின்றாள். அவள் கண்ணீர் வீண்போகவில்லை.

பாபிலோனில் எரியும் சூளையில் போடப்பட்ட மூன்று இளைஞர் சர்வேசுரனைப் புகழ்ந்தபோது, சூரியனையும் மழையையும் பனியையும் மாத்திரமல்ல, கடலின் திமிங்கிலங்களையும் தங்களோடு சேர்ந்து கர்த்தரை வாழ்த்தும்படி அழைத்தார்கள் என்று தானியேல் ஆகமத்தில் வாசிக்கிறோம். அக்கினியின் நடுவில் நின்றவர்களுக்குக் கடலின் ஆழத்து உயிர் நினைவுக்கு வந்தது. நமக்கு அமைதியான கரையில் நிற்கும்போதாவது அவரைப் புகழ நினைவு வரட்டும்.

ஆகையால், இந்த வாரத்துக்கு மூன்று தீர்மானங்களைச் செய்துகொள்வோம். தினந்தோறும் கால் மணி நேரம், கையில் ஒன்றும் இல்லாமல், ஆண்டவருடைய சமுகத்தில் மௌனமாய் இருப்போம். கடலோரத்தில் இருக்கிறவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்யலாம். நின்றுபோன குடும்பச் செபத்தை இன்று இராத்திரியே மறுபடி தொடங்குவோம். ஐம்பத்துமூன்று மணி முடியாவிட்டால் பத்து மணியாகிலும் சொல்லுவோம். கரை ஒதுங்கிக் கிடக்கும் ஒருவரை, நம் உறவிலோ தெருவிலோ இருக்கிற ஒரே ஒருவரை, நினைத்துக்கொண்டு, இந்தத் தபசுகாலம் முடியுமட்டும் அவரை விட்டுவிடாதிருப்போம்.

யோனாஸ் ஆழத்துக்குப் போனார். மூன்றாம் நாள் கரையில் விடப்பட்டார். நமதாண்டவரோ மரணத்தின் ஆழத்துக்கே இறங்கி, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். அதன்பின் ஒரு விடியற்காலத்தில் அவர் கடற்கரையில் நின்று, இரவு முழுவதும் உழைத்தும் மீன் அகப்படாமல் களைத்து வந்த சீஷர்களைக் கூப்பிட்டார். கரையில் நின்றவர் யாரென்று முதலில் கண்டுகொண்டவர், தோட்டத்தில் தூங்கிப்போன மூவரில் ஒருவரான அருளப்பர். அன்று தூங்கினவர் இன்று விழித்திருந்தார். நமக்கும் அந்த வரம் கிடைக்கும்படி, சமுத்திரத்தின் நட்சத்திரமாகிய நம் தேவமாதா நமக்காக வேண்டிக்கொள்ளக்கடவார்கள்.

பிதாவுடையவும் சுதனுடையவும் பரிசுத்த ஆவியுடையவும் நாமத்தினாலே. ஆமென்.